படை, பஞ்சம், பொய்: பெர்சப்போலிஸ் தெற்குச் சுவர் சொல்லும் வரலாறு

முன்னுரை

தெற்கு ஈரானில் ஷிராஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் மர்வ்தஷ்த் சமவெளி. அதன் கிழக்கு ஓரத்தில் கூஹே ரஹ்மத் எனும் கருணை மலை. மலையடியில் மாபெரும் கல்மேடை. மேடைமீது கூரை இழந்த தூண்கள், சுவர் இழந்த வாசல்கள். கிரேக்கர் இவ்விடத்தைப் பெர்சப்போலிஸ் என்றனர். கட்டியவர்கள் இட்ட பெயர் பார்ஸா. இன்றைய ஈரானியர் ‘தக்தே ஜம்ஷீத்’, அதாவது ஜம்ஷீதின் அரியணை, என்கிறார்கள்.

இன்று இங்கு வருவோர் வடமேற்கு மூலையிலுள்ள இரட்டைப் படிக்கட்டு வழியே மேலேறுகின்றனர். தொடக்கத்தில் வாயில் அங்கே இல்லை. முதலாம் டேரியஸ் காலத்தில் மேடைக்குச் செல்லும் வழி தெற்கே இருந்தது. அந்தத் தெற்குச் சுவரின் பெருங்கல் ஒன்றில் டேரியஸ் நான்கு கல்வெட்டுகளைப் பொறித்தான்: இரண்டு பழம்பாரசீகத்தில், ஒன்று ஈலமிய மொழியில், ஒன்று பாபிலோனிய மொழியில். பழம்பாரசீகக் கல்வெட்டுகளில் ஒன்று வேண்டுதலாக அமைந்தது. மூன்று கேடுகளிலிருந்து இந்நாட்டைக் காக்குமாறு மன்னன் அகுரா மஸ்தாவிடம் கேட்கிறான்: பகைப்படை, பஞ்சம், பொய்.

மூலச் சொற்கள் ஹைனா, துஷியார, த்ரௌக. ‘சிந்து’ பாரசீகத்தில் ‘ஹிந்து’ ஆனதைப் போலவே ‘சேனா’ அங்கே ‘ஹைனா’ ஆயிற்று. ‘த்ரௌக’ என்பது சமஸ்கிருத ‘த்ரோஹ’த்துக்கு உறவு. சேனை, துரோகம் என்று நாம் அன்றாடம் எழுதும் சொற்களின் தாயாதிகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. ‘துஷியார’ என்பதற்கு நேர்ப்பொருள் கெட்ட ஆண்டு.

பெர்சப்போலிஸ் பற்றிய பழகிய சித்திரம் இரண்டே காட்சிகளால் ஆனது: பேரரசன் கப்பம் பெறும் கொலுமண்டபம், அலெக்சாந்தர் வைத்த தீ. டேரியஸ் அஞ்சிய மூன்று கேடுகளையும் திறவுகோலாகக் கொண்டு இந்நகரின் வரலாற்றைத் தொடக்கம் முதல் இன்றுவரை வாசிக்க முயல்கிறது இக்கட்டுரை. கல்வெட்டு, புடைப்புச் சிற்பம், களிமண் ஏடு, கிரேக்க - ரோமானிய வரலாற்று நூல்கள், அகழாய்வு ஆகியவை இதற்குச் சான்றுகள். இவற்றுள் களிமண் ஏடுகளே இந்நகரின் அன்றாடப் பணியை நமக்குக் காட்டின என்பதும், அப்பணி படியளப்பது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

மேடை எழுந்த விதம்

அகாமனிசியப் பேரரசைத் தோற்றுவித்த சைரஸ் பசர்காதேயில் தன் அரண்மனைகளைக் கட்டினான். அவன் கி.மு. 530இல் இறந்தபின் மகன் காம்பிசஸ் எகிப்தை வென்றான், கி.மு. 522இல் அவனும் இறந்தான். அந்த ஆண்டில் நடந்த அரசுரிமைக் குழப்பத்தில் மேலெழுந்தவன் டேரியஸ். சைரஸின் இளைய மகன் பர்தியா என்று சொல்லிக்கொண்டு அரியணை ஏறிய கௌமாதா எனும் போலியைத் தான் கொன்றதாகப் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் அவன் எழுதி வைத்தான். கொல்லப்பட்டவன் உண்மையான பர்தியாவாகவே இருக்கலாம் என்று ஐயுறும் வரலாற்றாசிரியர் பலர். அந்தப் பாறையில் கிளர்ச்சிகளுக்கெல்லாம் டேரியஸ் கூறும் காரணம் ஒன்றே: பொய். ஆகவே தெற்குச் சுவரில் வரும் ‘பொய்’ வெறும் அறநெறிச் சொல்லாக இராது. தன் அரசுரிமையை மறுப்பதற்கு அவன் வைத்த பெயர் அது.

மேடைப்பணி கி.மு. 518 வாக்கில் தொடங்கியது என்பது பொதுவான கணிப்பு. மலைச்சரிவைச் செதுக்கியும் பள்ளங்களை நிரப்பியும் சுமார் 1,25,000 சதுர மீட்டர் பரப்புள்ள மேடையை எழுப்பினர். சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி, இரும்புப் பிடிகளை ஈயம் வார்த்து இறுக்கினர். மேலே கட்டடம் எழுமுன்பே கீழே பாறையைக் குடைந்து மழைநீர் வடிகால்கள் அமைத்தனர். மலையிலிருந்து இறங்கும் வெள்ளத்தை எண்ணிப் பார்த்த கொத்தர்களின் வேலை அது.

தெற்குச் சுவரின் ஈலமியக் கல்வெட்டில், இதற்குமுன் கோட்டை எதுவும் இல்லாத இடத்தில் தான் கோட்டை கட்டியதாக டேரியஸ் சொல்கிறான். அபதானா எனும் கொலுமண்டபம், தச்சரா எனும் அவன் அரண்மனை, கருவூலம் ஆகியவை அவன் காலத்துத் தொடக்கங்கள். மகன் செர்க்சஸ் அபதானாவை முடித்தான். ‘அனைத்து நாடுகளின் வாயில்’ என்று தானே பெயரிட்ட நுழைவாயிலையும் ஹதீஷ் எனும் தன் அரண்மனையையும் கட்டினான். அவன் தொடங்கிய நூறு தூண் மண்டபத்தை அவன் மகன் அர்தசெர்க்சஸ் முடித்தான். வாயில் வடமேற்கே இடம்பெயர்ந்ததும் இந்த விரிவாக்கத்தின்போதுதான். அங்குள்ள படிக்கட்டின் 111 படிகளும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமே உள்ளவை. நீண்ட அங்கி அணிந்தவர் தடுமாறாமல், நடையின் நிதானம் குலையாமல் ஏறலாம்.

இந்நகரைத் ‘தலைநகர்’ என்பதில் சற்று எச்சரிக்கை வேண்டும். சூசா, எக்பதானா, பாபிலோன் ஆகியவையும் தலைநகரங்களே. பருவத்துக்கேற்ப அரசவை ஊர் மாறியது. கிரேக்கத் தூதர்கள் போனது பெரும்பாலும் சூசாவுக்கு. பாரசீகத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய ஹெரோடோட்டஸின் நூலில் பெர்சப்போலிஸின் பெயரே இல்லை. கிரேக்க உலகு இந்நகரை நன்கறிந்தது அது எரிந்தபோதுதான்.

கல்லில் காட்டிய பேரரசு

அபதானா சதுர மண்டபம். உள்ளே 36 தூண்கள், மூன்று பக்க முகப்புகளில் மேலும் 36. ஏறத்தாழ 19 மீட்டர் உயர்ந்த அந்த 72 தூண்களில் 13 மட்டுமே இன்று நிற்கின்றன. உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைக் காளைகள் அல்லது சிங்கங்கள். அவற்றின் முதுகுப் பள்ளத்தில் மர உத்தரங்கள் தாங்கிக் கிடந்தன.

1933இல் அபதானாவின் மூலைகளில், அடித்தளத்தின் கீழ், இரண்டு கற்பெட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பொற்தகடு, ஒரு வெள்ளித்தகடு. உடன் லிடிய நாட்டுப் பொற்காசுகளும் கிரேக்க வெள்ளிக்காசுகளும். மும்மொழியில் அமைந்த அந்தத் தகட்டு வாசகம் பேரரசின் நான்கு மூலைகளைச் சொல்கிறது: சோக்தியானாவுக்கு அப்பாலுள்ள சகர் நாடு முதல் கூஷ் வரை, சிந்து முதல் சார்திஸ் வரை. மண்ணுக்குள் புதைத்த வாசகத்தை வாசிக்க மனிதர் எவரும் வரப்போவதில்லை. அது தெய்வத்தின் பார்வைக்கு.

மனிதர் பார்வைக்கு வைத்தது படிக்கட்டுச் சிற்பங்களை. 23 நாட்டுக் குழுக்கள் தத்தம் உடையில், தத்தம் காணிக்கையோடு வரிசையாக வருகின்றன. ஈலமியர் பெண்சிங்கத்தையும் குட்டிகளையும் கொண்டு வருகின்றனர். பாக்திரியர் இரட்டைத் திமில் ஒட்டகத்தை. கூஷ் நாட்டவர் யானைத் தந்தத்தை. சிந்துப் பகுதியிலிருந்து வந்த குழுவைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இடுப்பில் வேட்டி போன்ற உடை, மேலுடம்பு திறந்தது, ஒருவன் தோளில் காவடித் தண்டு, இருபுறமும் தொங்கும் கூடைகள், கூடைக்குள் சிறு பைகள். பின்னால் ஒரு கழுதை. இந்திய மாகாணம் ஆண்டுக்கு 360 தாலந்து பொன்துகள் செலுத்தியது என்பது ஹெரோடோட்டஸ் கணக்கு. அந்தப் பைகளில் இருப்பது பொன்துகள் என்று ஆய்வாளர் கருதுவதற்கு இதுவே அடிப்படை.

ஒவ்வொரு குழுவின் தலைவனையும் ஒரு பாரசீகனோ மீதியனோ கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறான். அசிரிய அரண்மனைச் சுவர்களில் வெட்டுண்ட தலைகளும் எரியும் ஊர்களும் நிறைந்திருக்கும். பெர்சப்போலிஸ் படிக்கட்டில் ஒரு போர்க்காட்சிகூட இல்லை. பேரரசு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பியது என்பதற்கு இது சான்று. அது உண்மையில் எப்படி நடந்தது என்பதற்குச் சான்றாகாது. எகிப்திலும் பாபிலோனிலும் கிளர்ச்சிகளை அடக்கியவர்களே இந்தக் கைபிடிப்பைச் செதுக்க வைத்தார்கள்.

தெற்குச் சுவரின் இன்னொரு பழம்பாரசீகக் கல்வெட்டு அடங்கிய நாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ‘ஹிந்து’ உண்டு. கிரேக்கரைக் குறிக்கும் ‘யௌன’வும் உண்டு, நிலத்தில் வாழ்வோர், கடலில் வாழ்வோர் என்று பிரித்து. சங்கப் பாடல்களின் ‘யவனர்’ இதே சொற்குடும்பம். எழுத்துக்கும் கல்வெட்டுக்கும் பழம்பாரசீகர் வழங்கிய சொல் ‘திபி’. அசோகனின் வடமேற்குக் கல்வெட்டுகளில் அது ‘திபி’ என்றே வருகிறது. மற்ற இடங்களில் ‘லிபி’. நாம் சொல்லும் ‘லிபி’ இந்த வழியில் வந்தது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. பாரசீக எழுத்தர்கள் இந்தியாவுக்கு விட்டுச்சென்றவற்றுள் நிலைத்தது இச்சொல்.

பஞ்சம்: களிமண்ணில் எழுதிய படிக்கணக்கு

1931இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் தலைமையில் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. 1933 - 34இல் மேடையின் வடகிழக்கு மூலையில், கோட்டைச் சுவரின் அறைகளில், பல்லாயிரம் களிமண் ஏடுகளும் துண்டுகளும் வெளிப்பட்டன. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பெரும்பாலானவை ஈலமிய மொழியில். காலம் டேரியஸின் 13ஆம் ஆட்சியாண்டு முதல் 28ஆம் ஆண்டு வரை, அதாவது கி.மு. 509 - 493. பின்னர் பொறுப்பேற்ற எரிக் ஷ்மித் கருவூலத்தில் இன்னொரு தொகுதியைக் கண்டெடுத்தார். அதன் காலம் கி.மு. 492 - 458.

அரசகட்டளைகளையும் போர்ச்செய்திகளையும் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். எல்லாம் கணக்கு. யாருக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு மாவு, எவ்வளவு மது, யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த மாதம். ரிச்சர்ட் ஹாலக் பல பத்தாண்டுகள் உழைத்து 1969இல் 2,087 ஏடுகளைப் படித்து வெளியிட்டபோதுதான் இந்தச் சலிப்பூட்டும் கணக்குக்குள் ஒரு நாடே இருப்பது தெரிந்தது.

ஆண் தொழிலாளிக்கு மாதத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர் வாற்கோதுமை என்பது பரவலாகக் காணும் படி. பெண்கள் குழுக்களை மேற்பார்வையிட்ட பெண் தலைவிகளுக்கு 50 லிட்டர் தானியம், 30 லிட்டர் மது, ஓர் ஆட்டில் மூன்றிலொரு பங்கு. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனிப் படி உண்டு. ஆண்பிள்ளை என்றால் 10 லிட்டர் மதுவோ பீரோ. பெண்பிள்ளை என்றால் அதில் பாதி. தாய்க்குப் பேறுகாலத்தில் கூடுதல் உணவு வேண்டும் என்று எண்ணிய அதே அலுவலகம், தொட்டிலில் கிடப்பது யார் என்று பார்த்து அளவைக் குறைத்தது.

மேல்தட்டில் அளவுகள் எகிறுகின்றன. இந்த நிர்வாகம் முழுவதற்கும் தலைவனான பர்னக்காவின் ஒருநாள் படி இரண்டு ஆடுகள், ஏறத்தாழ 90 லிட்டர் மது, 180 லிட்டர் மாவு. அவனை நம்பியிருந்த பரிவாரம் முழுவதும் இதில் உண்டிருக்க வேண்டும். டேரியஸின் கட்டளைப்படி அரசகுலப் பெண் இர்தஷ்துனாவுக்கு 100 ஆடுகள் தருமாறு பர்னக்கா எழுதிய ஏடும் இருக்கிறது. ஹெரோடோட்டஸ் அர்திஸ்தோனே என்று குறிப்பிடும் சைரஸின் மகள் இவளே.

அரசுப் பணியாகப் பயணம் செய்தவர்கள் முத்திரையிட்ட அனுமதிச் சீட்டைக் காட்டினால் வழிநெடுகிலும் இருந்த கிடங்குகளில் மாவும் மதுவும் கிடைத்தன. சாதாரணப் பயணிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மாவு, உடன் வரும் ஏவலாளுக்கு ஒரு லிட்டர். சார்திஸ், எகிப்து, காந்தாரப் பக்கம், சிந்து என்று நான்கு திசைக்கும் போய்வந்தவர்களின் பெயர்கள் இந்த ஏடுகளில் உள்ளன. நம் அரசு அலுவலகங்களில் இன்றும் வழங்கும் ‘பயணப்படி’ என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்தும். தெய்வங்களுக்கும் படி உண்டு. அகுரா மஸ்தாவைத் தவிர வேறு பெயரையே அரிதாகச் சொல்லும் கல்வெட்டுகளுக்கு மாறாக, ஏடுகளில் ஈலமியத் தெய்வமான ஹும்பானுக்கே தானியமும் மதுவும் அதிகம் போகின்றன.

எண்ணற்ற ஈலமிய, அரமேய ஏடுகளுக்கு நடுவே கிரேக்க மொழியில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதில் உள்ள செய்தி: மது, இரண்டு மாரிஸ், தேபேத். மது என்ற சொல் கிரேக்கம். மாரிஸ் ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளும் உள்ளூர் அளவை. தேபேத் பாபிலோனிய மாதம். எழுதியவன் கிரேக்கம் மட்டுமே எழுதத் தெரிந்தவனாக இருக்கலாம். ஆனால் அளவையும் மாதமும் அலுவலக வழக்கப்படி. கணக்கு அலுவலகமும் அதை வேண்டாமென்று தள்ளவில்லை. படிக்கட்டில் கைபிடித்து வரும் 23 குழுக்கள் சொல்ல விரும்பிய செய்தியை, ஒரு கைப்பிடிக் களிமண் ஆர்ப்பாட்டமில்லாமல் மெய்ப்பிக்கிறது.

‘துஷியார’வை, அந்தக் கெட்ட ஆண்டை, தெய்வத்திடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு டேரியஸின் அதிகாரிகள் வாளாவிருக்கவில்லை என்பது இந்த ஏடுகளால் தெரிகிறது. விளைந்ததைச் சேர்த்து, கிடங்குகளில் பிரித்து, ஆளுக்கேற்ப அளந்து, எல்லாவற்றுக்கும் முத்திரையிட்டனர். மேடைமீது எழுந்த ஒவ்வொரு தூணின் கீழும் இந்தப் படிக்கணக்கு இருக்கிறது.

படை: கி.மு. 330

கௌகமேலாப் போரில் மூன்றாம் டேரியஸை வென்ற அலெக்சாந்தர், பாபிலோனையும் சூசாவையும் கைப்பற்றியபின் குளிர்காலத்தில் பார்ஸாவை நோக்கி வந்தான். பாரசீக வாயில் எனும் மலைக்கணவாயில் அரியோபர்சனேஸ் அவனைத் தடுத்து நின்றான். நெடுநாள் நிற்க முடியவில்லை. கி.மு. 330இன் தொடக்கத்தில் நகரம் அலெக்சாந்தர் வசமாயிற்று. மேடைக்குக் கீழிருந்த ஊரைக் கொள்ளையிடப் படைவீரருக்கு அவன் அனுமதி கொடுத்ததாக தியோதோரஸ் எழுதுகிறார். கருவூலத்தில் இருந்தது 1,20,000 தாலந்து என்பதும் அவர் தரும் கணக்கு. அதைச் சுமந்து செல்ல 10,000 இணைக் கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் தேவைப்பட்டன என்கிறார் புளூட்டார்க்.

சில மாதங்கள் கழித்து மேடை எரிந்தது. ஏன் என்பதில் பழைய ஆசிரியர்களே ஒத்துப்போகவில்லை. கி.மு. 480இல் செர்க்சஸ் ஏதென்ஸை எரித்ததற்குப் பழிவாங்கல் என்று அலெக்சாந்தர் காரணம் சொன்னதாக அர்ரியன் எழுதுகிறார். உனக்கே சொந்தமாகிவிட்டதை நீயே அழிக்காதே என்று மூத்த தளபதி பார்மேனியன் தடுத்ததையும் பதிகிறார். அச்செயலைத் தாமும் ஏற்கவில்லை. தியோதோரஸ், கர்ட்டியஸ், புளூட்டார்க் ஆகிய மூவரும் வேறு கதை சொல்கின்றனர்: மது விருந்து, ஏதென்ஸ் நகரத்து தாயிஸ் என்ற கணிகை, அவள் தூண்டுதல், கையில் தீப்பந்தங்களோடு ஊர்வலம். அர்ரியன் பெரிதும் நம்பிய மூலநூல் தளபதி தாலமி எழுதியது. அந்தத் தாலமிக்குப் பின்னாளில் துணைவியானவள் தாயிஸ். அவள் பெயர் அர்ரியனின் நூலில் விடுபட்டதற்கு அது காரணமாகலாம். கதை வளர்ந்ததற்கு அவள் அழகும் காரணமாகலாம்.

அகழாய்வு சொல்வது இன்னும் இறுக்கமானது. நூறு தூண் மண்டபத்தின் தரையில் கரியும் சாம்பலும் படிந்திருந்தன. கருவூலத்தில் நூற்றுக்கணக்கான கல் பாத்திரங்கள் உடைந்து சிதறியிருந்தன. பொன்னும் வெள்ளியும் ஏறக்குறைய இல்லை. அங்கே தலையிழந்த கிரேக்கப் பெண்சிலை ஒன்றும் கிடைத்தது. பெனலோப்பியின் சிலை என்று ஆய்வாளர் இனங்கண்டனர். கொள்ளையை முடித்துப் பொருளை வெளியேற்றியபின் வைத்த தீ என்பதற்கு இது வலுச்சேர்க்கிறது. செர்க்சஸின் பெயரோடு தொடர்புடைய கட்டடங்களிலேயே தீயின் சுவடு அழுத்தமாக இருப்பதைச் சுட்டி, பழிவாங்கல் காரணத்தை ஏற்போரும் உண்டு. உத்தரங்களும் கூரையும் மரம் என்பதால் ஒருமுறை பற்றிய தீ தானே வழியைக் கண்டுகொண்டிருக்கும்.

தீ ஒரு நன்மையையும் செய்துவிட்டுப் போனது. கருவூலத்தில் இருந்த களிமண் ஏடுகளைச் சுட்டு இறுக்கியது. கோட்டைச் சுவர் ஏடுகளை இடிபாடு மூடிக் காத்தது. பொன்னை எண்ணிச் சுமந்து சென்றவர்களுக்கு அந்த மண்துண்டுகள் கண்ணில் படவில்லை.

பொய்: மறந்த பெயரும் மீண்ட எழுத்தும்

பெருந்தீக்குப் பிறகு நகரம் பெயரை இழந்தது. அருகில் இஸ்தக்ர் எனும் ஊர் வளர்ந்தது. சற்றுத் தொலைவில் நக்ஷே ருஸ்தம் பாறையில் டேரியஸின் கல்லறைக்குக் கீழேயே சாசானிய மன்னர்கள் தங்கள் வெற்றிச் சிற்பங்களைச் செதுக்கினர். கி.பி. 311இல் சாசானிய இளவரசன் ஷாப்பூர் சகான்ஷா தச்சராவில் தங்கி உணவுண்டு ஒரு கல்வெட்டை விட்டுச்சென்றான். இடத்தின் பெயரை ‘நூறு தூண்’ என்று குறிக்கிறான். தன் முன்னோரை வாழ்த்தியபின், இதைக் கட்டியவரையும் வாழ்த்துகிறான். கட்டியவர் பெயர் அதில் இல்லை. 955இல் புயித் மன்னன் அதுதுத் தௌலா இங்கு வந்து, காசரூன் ஊர்ப் பூசாரியைக் கொண்டு அங்கிருந்த சாசானியக் கல்வெட்டுகளைப் படிக்கக் கேட்டதைத் தானும் அதே இடத்தில் அரபியில் பொறித்தான். டேரியஸ் காலத்து ஆப்பெழுத்தைப் படிக்கவோ எவரும் இல்லை. பெயரில்லா இடத்துக்குக் காவிய மன்னன் ஜம்ஷீதின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

ஐரோப்பியப் பயணிகளுள் 1618இல் வந்த ஸ்பானியத் தூதர் கார்சியா டி சில்வா ஃபிகெரோவா, கிரேக்க நூல்களை ஒப்பிட்டு இதுவே பெர்சப்போலிஸ் என்று இனங்கண்டார். 1621இல் வந்த பியத்ரோ தெல்லா வாலே சில ஆப்பெழுத்துகளைப் பிரதி செய்து, அவை இடமிருந்து வலமாக எழுதப்பட்டவை என்று ஊகித்தார். 1765 மார்ச்சில் வந்த கார்ஸ்டன் நீபூர் டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக்குழுவில் உயிர்தப்பிய ஒரே ஆள். தோழர்கள் எல்லாரும் காய்ச்சலுக்குப் பலியாகியிருந்தனர். கண் கூசும் வெயிலில் நாள்கணக்கில் அமர்ந்து கல்வெட்டுகளைப் பிரதி செய்தார். அவை மூன்று வேறு எழுத்துமுறைகள் என்றும் பிரித்தறிந்தார்.

அந்தப் பிரதிகளை வைத்தே 1802இல் கோட்டிங்கன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் கியோர்க் குரோட்டஃபெண்ட் புதிரின் முதல் முடிச்சை அவிழ்த்தார். ‘இன்னார், பேரரசர், அரசர்க்கரசர், இன்னாரின் மகன்’ என்ற வாய்பாடு கல்வெட்டுகளில் இருக்கும் என்று அவர் கருதினார். ஒரு கல்வெட்டின் மன்னனுக்குத் தந்தை மன்னன். இன்னொன்றில் அந்தத் தந்தைக்குத் தந்தையாக வருபவனின் பெயருக்குப் பின்னே ‘அரசன்’ என்ற சொல் இல்லை. மூன்று தலைமுறையில் பாட்டன் மட்டும் அரசனல்லாத வரிசை எது? ஹிஸ்தாஸ்பெஸ், டேரியஸ், செர்க்சஸ். இல்லாத ஒரு சொல்லே திறவுகோலாயிற்று.

இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. தன் அரசுரிமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று நிறுவ டேரியஸ் மலைகளில் எழுதி வைத்தான். எதிர்த்தவரையெல்லாம் பொய்யர் என்றான். ஆனால் தன் தந்தையை அரசன் என்று எழுத அவனாலும் முடியவில்லை. எழுதியிருந்தால் குரோட்டஃபெண்டின் வாய்பாடு எளிதில் பொருந்தியிராது. பொய்க்கு அஞ்சிய மன்னன் சொல்லாமல் விட்ட உண்மையே அவன் எழுத்தை மீண்டும் பேச வைத்தது.

மேடைக்கு வெளியே

எழுத்து பேசிய பிறகும் கற்பனை அடங்கவில்லை. புத்தாண்டான நவ்ரோஸ் விழாவுக்கென்றே கட்டப்பட்ட சடங்கு நகரம் இது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டில் வெகுவாகப் பரவியது. அதற்கு அகாமனிசியக் காலத்து நேர்ச்சான்று இல்லை என்று பின்வந்தோர் மறுத்தனர். களிமண் ஏடுகள் வெளியாக வெளியாக, ஆண்டு முழுவதும் இயங்கிய நிர்வாக நகரமே தெளிவாயிற்று. 1971இல் பாரசீக முடியாட்சியின் 2,500ஆம் ஆண்டு விழாவை ஷா முகம்மது ரேசா மேடைக்கு எதிரே ஆடம்பரக் கூடார நகர் அமைத்துக் கொண்டாடினார். எட்டு ஆண்டுகளில் அந்த முடியாட்சியே இல்லாமல் போனது. அதே 1979இல் யுனெஸ்கோ பெர்சப்போலிஸை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அண்மைக்கால ஆய்வு மேடையைவிட்டு இறங்கிச் சமவெளிக்குச் சென்றிருக்கிறது. மேடைக்கு மேற்கே சில கிலோமீட்டரில் தோலே அஜோரி எனும் மேட்டை 2011 முதல் ஈரானிய - இத்தாலியக் குழு அகழ்ந்தது. பாபிலோன் இஷ்தார் வாயிலை ஒத்த, காளையும் நாகப்புலியும் கலந்த மெருகுச் செங்கல் உருவங்களைக் கொண்ட பெரும் நுழைவாயில் ஒன்று அங்கே வெளிப்பட்டது. அது டேரியஸுக்கு முந்தியது என்பது அகழ்ந்தோரின் கணிப்பு. இதற்குமுன் கோட்டை இல்லாத இடம் என்ற டேரியஸின் கூற்று மேடையளவில் சரியாக இருக்கலாம். சமவெளி வெறுமையாக இருந்ததில்லை.

களிமண் ஏடுகளுக்கு வேறொரு சோதனையும் வந்தது. 1930களில் ஆய்வுக்கென ஈரான் கடனாகக் கொடுத்தனுப்பிய ஏடுகள் சிகாகோவில் இருந்தன. 1997இல் ஜெருசலேமில் நடந்த குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்கள், ஈரான் மீதான இழப்பீட்டுத் தீர்ப்பை நிறைவேற்ற இந்த ஏடுகளைக் கைப்பற்றக் கோரினர். வழக்கு பல ஆண்டுகள் இழுத்தபின், 2018 பிப்ரவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அக்கோரிக்கையை மறுத்தது. மறு ஆண்டே 1,783 ஏடுகள் ஈரானுக்குத் திரும்பின. வாற்கோதுமைக்கும் மதுவுக்கும் எழுதிய கணக்கு, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு கழித்துக் கடனுக்கு ஈடாகப் பார்க்கப்பட்டது.

முடிவுரை

தெற்குச் சுவரின் வேண்டுதலை இன்று திரும்ப வாசித்தால், டேரியஸ் அஞ்சிய மூன்றும் அவன் நகருக்கு வந்ததைக் காண்கிறோம். படை ஒருமுறை வந்தது. சில மாதங்களில் வேலையை முடித்துக்கொண்டு போயிற்று. பொய் பலமுறை வந்தது: மன்னனின் கல்வெட்டாக, விருந்துக் கதையாக, காவியப் பெயராக, கூடார விழாவாக. அதை எழுத்தும் அகழாய்வும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணி முடிந்துவிடவில்லை.

பஞ்சத்தைத் தடுக்க நகரம் தினமும் உழைத்தது. அதன் சான்றைக் கல்லில் செதுக்க எவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பெற்றவளின் படியும், வழிப்போக்கனின் ஒன்றரை லிட்டர் மாவும், கிரேக்க எழுத்தனின் இரண்டு மாரிஸும் களிமண்ணில் மட்டுமே இருந்தன. பேரரசின் பெருமையைக் கல் சொன்னது; அது எப்படி நடந்தது என்பதை மண்ணே சொன்னது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் பெர்சப்போலிஸை வெறும் கொலுமண்டபமாக எழுதும் வரலாறு குறைபாடு உடையது.

தமிழில் மழை தவறுவதை வானம் பொய்த்தது என்கிறோம். டேரியஸின் மூன்றாவது அச்சமும் இரண்டாவது அச்சமும் நம் மொழியில் ஒரே வினைச்சொல்லில் சந்திக்கின்றன. மர்வ்தஷ்த் சமவெளியில் அவை இப்போது நிலத்தடியில் சந்திக்கின்றன. வறட்சியாலும், பாசனத்துக்காக அளவின்றி நீரை இறைப்பதாலும் சமவெளி தாழ்ந்து வருகிறது. நக்ஷே ருஸ்தம் அருகே தரை வெடித்திருக்கிறது. மலைவெள்ளத்தை எண்ணி வடிகால் குடைந்த கொத்தர்கள், காலடி நிலமே வற்றி இறங்கும் என்று எண்ணியிருக்க வழியில்லை. தெற்குச் சுவர் அந்தச் சமவெளியைப் பார்த்துத்தான் நிற்கிறது, கெட்ட ஆண்டு வராதிருக்க வேண்டிக்கொண்டு.